கல்லூரி டென்னிஸ் சாம்பியன் தொழில்முறை ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் ஆவது எப்படி? திருநெல்வேலியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, பிள்ளையை மைதானத்துக்கு அழைத்து வரும் பெற்றோரிடமிருந்தும் கல்லூரி அணியில் ஆடும் மாணவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த இந்த ஊரில் படிப்பா ஆட்டமா என்ற கேள்வி ஒவ்வொரு வீட்டிலும் பத்தாம் வகுப்பிலேயே எழுந்துவிடுகிறது. கல்லூரி, தொழில்முறைச் சுற்று, பயிற்சியாளர் பணி ஆகிய மூன்றும் ஒரே வாழ்க்கையின் அடுத்தடுத்த கட்டங்களாக அமைய முடியும் என்பதும், பயிற்சியாளர் பணி ஆட்டத்தில் தோற்றவர்கள் ஒதுங்கும் இடம் என்ற எண்ணம் மாற வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

“கல்லூரி சாம்பியன்” என்று யாரைச் சொல்கிறோம்?

நம் ஊர் மாணவருக்கு இது படிப்படியானது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளுக்கிடையே நடக்கும் போட்டியில் முதலில் வெல்ல வேண்டும். அதில் தேறியவர்களைக் கொண்டு பல்கலைக்கழக அணி அமைகிறது. அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்குச் செல்கிறது. அங்கே முன்னேறினால் அகில இந்தியப் போட்டி. 2020-இல் புவனேசுவரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளிலும் டென்னிஸ் உண்டு.

உலக அளவில் கல்லூரி சாம்பியன் என்றால் பெரும்பாலும் அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் முதல் பிரிவுப் பட்டத்தை வென்றவரையே குறிக்கிறார்கள். ஆர்தர் ஆஷ் 1965-இலும், ஜிம்மி கானர்ஸ் 1971-இலும், ஜான் மெக்கன்ரோ 1978-இலும் அந்தப் பட்டத்தை வென்றவர்கள். இந்த இரண்டு தளங்களுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது என்பதைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பல்கலைக்கழக அணியில் இடம் பிடித்த உடனேயே பிள்ளை உலகச் சுற்றுக்குத் தயாராகிவிட்டதாக நினைப்பது அந்தப் பிள்ளையின் தோளில் தேவையில்லாத பாரத்தை ஏற்றிவிடும்.

கல்லூரியில் சேர்ந்தால் தொழில்முறை டென்னிஸுக்கான வயது கடந்துவிடாதா?

இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் “ஆம்” என்றே பதில் சொல்வார்கள். போரிஸ் பெக்கர் 17 வயதில் விம்பிள்டனை வென்ற காலம் அது. இன்று நிலைமை வேறு. ராக்கெட்டும் ஸ்ட்ரிங்கும் மாறிவிட்டதால் அடியின் வேகம் கூடியிருக்கிறது. அதைத் தாங்க முதிர்ந்த உடல் தேவைப்படுகிறது. அந்த முதிர்ச்சி பெரும்பாலோருக்கு இருபதைத் தாண்டித்தான் வருகிறது. 18 வயதில் தனியாகப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவதைவிட, நான்கு ஆண்டுகள் ஒரே இடத்தில் தங்கி, உணவும் உடற்பயிற்சிக் கூடமும் பயிற்சியாளரும் பக்கத்திலேயே இருக்க, வாரந்தோறும் ஆட்டங்களில் ஆடுவது பல இளைஞர்களுக்கு நன்மை செய்திருக்கிறது.

இலினாய் பல்கலைக்கழகத்தில் ஆடிய கெவின் ஆண்டர்சன் 2017 அமெரிக்க ஓப்பனிலும் 2018 விம்பிள்டனிலும் இறுதிப் போட்டிக்கு வந்தார். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2014, 2016 ஆகிய இரு ஆண்டுகளிலும் கல்லூரிப் பட்டம் வென்ற டேனியல் காலின்ஸ் 2022 ஆஸ்திரேலிய ஓப்பன் இறுதிப் போட்டியில் ஆடினார். ஃபுளோரிடாவுக்காக 2022-இல் பட்டம் வென்ற பென் ஷெல்டன், அடுத்த ஆண்டே ஆஸ்திரேலிய ஓப்பனில் காலிறுதிக்கும் அமெரிக்க ஓப்பனில் அரையிறுதிக்கும் வந்துவிட்டார். ஆகவே கல்லூரி ஒரு தடை என்ற பேச்சை விட்டுவிடலாம்.

ஆனால் மாணவர் எந்தக் கல்லூரியில் சேர்கிறார், அங்கே ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடுகிறார், யாரோடு ஆடுகிறார் என்பவை முடிவைத் தீர்மானிக்கின்றன. ஆண்டு முழுவதும் ஒரே ஒரு கல்லூரிப் போட்டியில் மட்டும் ஆடிவிட்டு, மற்ற மாதங்களில் மாலை ஒரு மணி நேரம் பந்து அடிப்பவருக்கு நான்கு ஆண்டுகள் எதையும் சேர்த்துத் தராது.

சோம்தேவ் தேவ்வர்மனை எல்லோரும் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்களே, அவர் சென்ற பாதை என்ன?

குவாஹாத்தியில் 1985-இல் பிறந்து சென்னையில் வளர்ந்த சோம்தேவ், வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துக்கொண்டே ஆடினார். 2006-இல் என்.சி.ஏ.ஏ. ஒற்றையர் இறுதிப் போட்டியில் தோற்றார். அடுத்த ஆண்டு மீண்டும் இறுதிக்கு வந்தார். எதிரே நின்றவர் ஜான் இஸ்னர். ஏறக்குறைய ஏழடி உயரம், சர்வீஸைத் திருப்பி அடிப்பதே பெரும்பாடு. போட்டி நடந்ததோ இஸ்னரின் சொந்தக் கல்லூரி ஊரான ஜார்ஜியாவின் ஏதென்ஸில். கூட்டம் முழுவதும் அவர் பக்கம் இருக்க, மூன்றாம் செட் டைபிரேக்கில் சோம்தேவ் வென்றார். 2008-இல் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அந்தப் பருவத்தில் அவருடைய கணக்கு 44 வெற்றி, 1 தோல்வி.

படிப்பை முடித்துக்கொண்டு தொழில்முறைச் சுற்றுக்கு வந்த சில மாதங்களிலேயே, 2009 ஜனவரியில் சென்னை ஓப்பனில் வைல்ட் கார்டு (தரவரிசை போதாதவருக்கும் நேரடி இடம் தரும் சிறப்பு அனுமதி) பெற்று நுங்கம்பாக்கத்தில் இறங்கினார். முன்னாள் முதல்நிலை ஆட்டக்காரரான கார்லோஸ் மோயாவையும், ஆறடி பதினோரு அங்குல உயரமுள்ள இவோ கார்லோவிச்சையும் வென்று இறுதிப் போட்டிக்கு வந்து மாரின் சிலிச்சிடம் தோற்றார். கல்லூரிக் களத்தில் இஸ்னரின் சர்வீஸை எதிர்கொண்டு பழகிய கண்ணும் கையும் கார்லோவிச்சுக்கு எதிராக உதவியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். 2010-இல் தில்லி காமன்வெல்த் விளையாட்டில் ஒற்றையர் தங்கம். அதே ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கமும், வர்ஜீனியாவில் தன்னைப் போலவே படித்த சனம் சிங்குடன் சேர்ந்து இரட்டையர் தங்கமும். 2011-இல் தரவரிசையில் 62-ஆம் இடம். அதுவே அவருடைய உச்சம்.

2012-இல் தோள்பட்டைக் காயம் அவரை நிறுத்தியது. திரும்பி வந்து ஆடினாலும் பழைய இடத்தை அவர் எட்டவில்லை. 2017 ஜனவரி முதல் நாளில் ஓய்வை அறிவித்தார். பின்னர் அரசு அவரை டென்னிஸுக்கான தேசியப் பார்வையாளராக நியமித்தது. 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் உயரம் குறைவானவர், சர்வீஸ் பலமில்லாதவர் என்று அந்நாளில் பலரும் சொன்னார்கள். கால்களின் உழைப்பாலும், ஒரு பந்தைக்கூட விட்டுக்கொடுக்காத பொறுமையாலும்தான் அவர் உலகின் முதல் 100 பேருக்குள் நின்றார். நம் பகுதிப் பிள்ளைகளின் உடல்வாகுக்கு ஏற்ற எடுத்துக்காட்டு அவரே.

நம் சீமைக்குப் பக்கத்திலிருந்து இப்படி யாராவது வந்திருக்கிறார்களா?

வந்திருக்கிறார். இந்திய டென்னிஸின் மூத்த பெயர்களில் ஒன்றான ராமநாதன் கிருஷ்ணன், 1937-இல் இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள நாகர்கோவிலில் பிறந்தவர். அவருக்கு ஆட்டம் கற்றுக்கொடுத்தவர் அவருடைய தந்தையே. சென்னை லயோலா கல்லூரியில் நடக்கும் பெர்ட்ரம் போட்டி கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமானது. பள்ளிச் சிறுவனாக இருந்த கிருஷ்ணன் கல்லூரி முதல்வரிடம் சிறப்பு அனுமதி பெற்று அதில் ஆடி, 1951-இல் பட்டத்தை வென்றார். கல்லூரியில் சேரும் முன்பே கல்லூரி சாம்பியனானவர் என்று அவரைச் சொல்லலாம். 1954-இல் விம்பிள்டன் சிறுவர் ஒற்றையர் பட்டம்; அதை வென்ற முதல் ஆசியர் அவர். 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி. 1961 காலிறுதியில் ராய் எமர்சனை நேர் செட்களில் வீழ்த்தினார். அரையிறுதியில் ராட் லேவரிடம் தோற்றார்.

அவர் தொழில்முறை ஆட்டக்காரராக மாறவில்லை என்பதை இங்கே விளக்க வேண்டும். 1968 வரை விம்பிள்டன் போன்ற பெரிய போட்டிகள் பணம் வாங்காத ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே உரியவை. பணத்துக்காக ஆடுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டவர் விம்பிள்டனையும் நாடுகளுக்கிடையிலான டேவிஸ் கோப்பையையும் இழந்துவிடுவார். 1959-இல் தொழில்முறை ஆட்டங்களை நடத்திவந்த ஜாக் கிராமர் மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாக முன்வந்தபோது கிருஷ்ணன் அதை ஏற்கவில்லை. அந்த முடிவின் பலனை நாடு 1966-இல் கண்டது. கல்கத்தாவில் பிரேசிலின் தாமஸ் கோச்சுக்கு எதிரான கடைசி ஆட்டத்தில், நான்காம் செட்டில் 2-5 என்று பின்தங்கிய நிலையிலிருந்து மீண்டு வென்று இந்தியாவை டேவிஸ் கோப்பையின் இறுதிச் சுற்றுக்கு அவர் அழைத்துச் சென்றார்.

பின்னர் தன் மகன் ரமேஷ் கிருஷ்ணனுக்கு அவரே குருவானார். ரமேஷ் 1979-இல் விம்பிள்டன், பிரெஞ்சு ஓப்பன் இரண்டிலும் சிறுவர் பட்டம் வென்றார். தரவரிசையில் 23 வரை உயர்ந்தார். 1989 ஆஸ்திரேலிய ஓப்பனில் அப்போது உலகின் முதல் இடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரைத் தோற்கடித்தார். தந்தையும் மகனும் சேர்ந்து சென்னையில் பயிற்சி மையம் ஒன்றை நடத்தினார்கள். தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறையாகக் கைமாறிய அந்த மென்மையான ஆட்டம், பயிற்சியாளர் பணியின் பெருமைக்கு நான் முதலில் சொல்லும் சான்று.

தொழில்முறை ஆட்டக்காரர் ஆவதற்கு என்ன செய்ய வேண்டும்? தேர்வு உண்டா?

தேர்வும் இல்லை, சான்றிதழும் இல்லை. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து ஐபின் என்ற ஆட்டக்காரர் அடையாள எண் பெற்று, கீழ்நிலைப் போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டும். ஆண்களுக்கு எம்15 என்றும் பெண்களுக்கு டபிள்யூ15 என்றும் அழைக்கப்படும் போட்டிகள் முதல் படி. அந்த எண் மொத்தப் பரிசுத் தொகை 15,000 டாலர் என்பதைக் குறிக்கிறது. தரவரிசை இல்லாதவர் தகுதிச் சுற்றிலிருந்து தொடங்க வேண்டும். அதைத் தாண்டி, பிரதான ட்ரா எனப்படும் முதன்மைச் சுற்றுகளில் வெற்றி பெற்றால்தான் தரவரிசைப் புள்ளி கிடைக்கும். கிடைத்த புள்ளி 52 வாரங்கள் மட்டுமே கணக்கில் இருக்கும்; அடுத்த ஆண்டு அதே வாரத்தில் அது கழிந்துவிடும் என்பதால், நின்ற இடத்தில் நிற்பதற்கே தொடர்ந்து வெல்ல வேண்டும். அதற்கு மேல் சேலஞ்சர் போட்டிகள். அதற்கும் மேலேதான் தொலைக்காட்சியில் நாம் பார்க்கும், ஆண்களுக்கான ஏ.டி.பி., பெண்களுக்கான டபிள்யூ.டி.ஏ. போட்டிகள்.

இந்திய ஆட்டக்காரர்களில் பலர் ஒற்றையரில் ஒரு கட்டத்துக்கு மேல் உயர முடியாதபோது இரட்டையருக்கு மாறுகிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிய சென்னையின் ஜீவன் நெடுஞ்செழியன் அப்படி மாறியவர். 2017-இல் ரோகன் போபண்ணாவுடன் சேர்ந்து சென்னை ஓப்பன் இரட்டையர் பட்டத்தை வென்றார். இது மதிப்புள்ள பிழைப்பு. கல்லூரி டென்னிஸில் இரட்டையருக்குத் தனி முக்கியத்துவம் இருப்பதால், அங்கிருந்து வருபவர்களுக்கு, பந்து தரையில் படும் முன்பே அடிக்கும் ‘வாலி’யும் வலைக்கருகே நிற்கும் துணிவும் கைவந்திருக்கும்.

செலவைத் தாங்க முடியுமா?

மிகவும் கடினமான கேள்வி இது. எம்15 போட்டியில் ஒற்றையர் பட்டத்தையே வென்றாலும் கையில் வருவது சுமார் 2,160 டாலர். அதிலும் வரி பிடிப்பார்கள். முதல் சுற்றில் தோற்பவருக்குக் கிடைப்பது இரண்டு நாள் அறை வாடகைக்குக் காணாது. ரயில் அல்லது விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, விசா, வாரத்துக்கு வாரம் அறுந்துபோகும் ஸ்ட்ரிங், கால் தேய்ந்த ஷூ எல்லாம் வீட்டுப் பணம். பயிற்சியாளரையும் கூட அழைத்துச் சென்றால் செலவு இரட்டிப்பாகும். உலகத் தரவரிசையில் முதல் 100 அல்லது 150 பேருக்குள் இருப்பவர்களே ஆட்டத்தை மட்டும் நம்பி நிம்மதியாக வாழ முடிகிறது.

வயலை விற்றோ, நகையை அடகு வைத்தோ 14 வயதுப் பிள்ளையின் டென்னிஸுக்குச் செலவிட வேண்டாம் என்று நான் எல்லாப் பெற்றோரிடமும் சொல்வதுண்டு. அப்படிச் செலவிட்ட வீடுகளில் ஒவ்வொரு தோல்வியும் கடன் கணக்காகவே பார்க்கப்படுகிறது. பிள்ளை மேட்ச் பாயிண்டில் கையை இறுக்கிக்கொள்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பட்டம் முடித்தபின், இரண்டு ஆண்டு என்று காலத்தை வரையறுத்துக்கொண்டு, அதற்குள் எந்தத் தரவரிசையை எட்ட வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவைத்துவிட்டு முயல்வது குடும்பத்துக்கும் ஆட்டக்காரருக்கும் நியாயமானது. அதற்கான பணத்தை நிறுவனங்களின் ஆதரவு, உள்ளூர்ப் புரவலர்கள், அரசு உதவித்தொகை என்று பல வழிகளில் தேட வேண்டியிருக்கும்.

அமெரிக்கக் கல்லூரியில் டென்னிஸ் உதவித்தொகை கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் “முழு உதவித்தொகை” என்ற சொல்லை நம்பி யாரும் முகவரிடம் பணம் கொடுக்க வேண்டாம். 2024-25 கல்வியாண்டு வரை முதல் பிரிவில் ஆண்கள் அணி ஒன்றுக்கு 4.5 முழு உதவித்தொகைக்குச் சமமான பணமே அனுமதிக்கப்பட்டது; அதையே எட்டுப் பத்துப் பேருக்குப் பங்கிட்டார்கள். பெண்கள் அணிக்கு 8 முழு உதவித்தொகைகள் இருந்தன. அதன்பின் விதிகள் மாறி, புதிய ஏற்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் அணிக்கு இத்தனை பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. எவ்வளவு பணம் தருவது என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம்.

கல்லூரிப் பயிற்சியாளர்கள் பார்ப்பது சில விஷயங்களை: ஆட்டத் திறனைக் காட்டும் யு.டி.ஆர். என்ற மதிப்பெண், சர்வதேச ஜூனியர் போட்டி முடிவுகள், வெட்டி ஒட்டாத ஆட்டக் காணொளி, பள்ளி மதிப்பெண், ஆங்கிலத் தேர்வு. பதினோராம் வகுப்பிலேயே நேரடியாக அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கலாம். அதைப் பிள்ளையே எழுத வேண்டும். அப்பா எழுதிய கடிதத்தை அவர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். பள்ளிப் படிப்பு முடிந்தபின் நெடுநாள் போட்டிகளில் ஆடிவிட்டுப் போனால் கல்லூரிக்காக ஆடும் ஆண்டுகள் குறையக்கூடும் என்பதையும், பரிசுப் பணம் வாங்குவதற்கென்று தனி விதிகள் உள்ளன என்பதையும் முன்னதாகவே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அங்கே ஆடும் முறையும் வேறு. ஓர் அணிப் போட்டியில் மொத்தம் 7 புள்ளிகள். முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். அவற்றில் இரண்டை வென்ற அணிக்கு ஒரு புள்ளி. பிறகு ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஆளுக்கு ஒரு புள்ளி. 40-40 என்ற சமநிலையான டியூஸ் வந்தால் அடுத்த ஒரே பந்தில் கேம் முடிந்துவிடும். பக்கத்துக் களத்தில் சக மாணவர் கத்திக்கொண்டே ஆட, தன் ஆட்டத்தின் முடிவுக்காக முழு அணியும் காத்து நிற்க, அந்த ஒரு பந்தை ஆடப் பழகியவருக்குத் தொழில்முறைச் சுற்றின் நெருக்கடி புதிதாக இருக்காது.

பாளையங்கோட்டையிலேயே படித்துக்கொண்டு முன்னேற முடியாதா?

முடியும். ஆனால் இங்கே ஆட்டங்கள் போதாது என்பதை ஒத்துக்கொண்டு திட்டமிட வேண்டும். இதே பகுதியில் கோவில்பட்டி, பல தலைமுறையாக ஹாக்கி வீரர்களை உருவாக்கியிருக்கிறது. அதற்குக் காரணம் அங்கே தெருவுக்குத் தெரு எதிராளி இருந்தான் என்பதே. டென்னிஸில் நம் பிள்ளைக்கு அதே மூன்று நான்கு பேரோடு ஆடி ஆடி அவர்களுடைய பலவீனம் மனப்பாடம் ஆகிவிடுகிறது. வெளியூர் சென்றவுடன் தடுமாறுகிறது. மாதம் ஒருமுறையேனும் மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று அகில இந்திய டென்னிஸ் சங்கத்தின் தரவரிசைப் போட்டிகளுக்குச் செல்ல வேண்டும். டேலண்ட் சீரிஸ், சாம்பியன்ஷிப் சீரிஸ், சூப்பர் சீரிஸ், நேஷனல் சீரிஸ் என்று அவை படிப்படியாக உள்ளன. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். 2023 முதல் வந்தே பாரத் ரயிலும் இருப்பதால் சென்னைப் பயணம் முன்பைவிட எளிதாகியிருக்கிறது.

நம் ஊரின் காற்றும் வெயிலும் இடைஞ்சல்போலத் தோன்றினாலும் அவற்றைப் பயிற்சியாக மாற்றிக்கொள்ளலாம். ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்தில் சாரல் விழும்போது, மலையைத் தாண்டி வரும் காற்று பாளையங்கோட்டையில் ஈரமில்லாமல் புழுதியோடு வீசும். அந்த நாட்களில் சர்வீஸுக்காகத் தலைக்கு மேல் உயரமாக எறியும் பந்து அடிக்கும் நேரத்துக்குள் ஓர் அடி விலகிப்போய்விடும். பிள்ளைகள் கழுத்தை வளைத்து அதைத் துரத்துவார்கள், முதுகு வலிக்கும், பந்து வலையில் விழும். நான் அவர்களிடம் எறியும் உயரத்தைக் குறைக்கச் சொல்வேன்: விரல் நுனியால் உருட்டாமல், உள்ளங்கையில் லேசாக வைத்துத் தூக்கி, ராக்கெட் எட்டும் உயரத்துக்குச் சற்று மேலே விட்டு, பந்து இறங்கத் தொடங்கும் முன்பே அடிக்க வேண்டும். எதிர்க்காற்றில் ஆடும்போது பந்தை வலைக்கு மேல் நன்கு உயர்த்தி ஆழமாக அடிக்கவும், காற்று முதுகில் இருக்கும்போது மேல்சுழற்சியைக் கூட்டவும் கற்றுக்கொண்டவர், எந்த ஊர்க் களத்திலும் திகைத்து நிற்கமாட்டார். ஐப்பசி, கார்த்திகையில் மழையால் செம்மண் களம் ஊறிக்கிடக்கும் வாரங்களை உடற்பயிற்சிக்கும் ஆட்டக் காணொளிகளைப் பார்ப்பதற்கும் ஒதுக்கலாம்.

பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பாதை திறந்திருக்கிறதா?

ஆண்களைவிட நன்றாகவே திறந்திருக்கிறது என்பேன். கல்லூரி உதவித்தொகையில் 2024-25 வரை பெண்களுக்கு வாய்ப்பு கூடுதலாக இருந்தது என்பதை மேலே பார்த்தோம். கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் முதல் சுற்றை வென்று, 1968-க்குப் பிந்தைய ஓப்பன் காலத்தில் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் வெற்றி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். ஆட்டத்துக்குப் பின் அமெரிக்காவில் பயிற்சியாளரானார். சாராள் தக்கர் கல்லூரி 1895-லேயே பெண்களுக்காகத் தொடங்கப்பட்ட இந்த ஊரில், மகளைப் படிக்க அனுப்பத் தயங்காத குடும்பங்கள்கூட வெளியூர்ப் போட்டிக்கு அனுப்பத் தயங்குகின்றன. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, முறை வைத்து, ஒரு தாயோ தந்தையோ எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துச் சென்றால் அச்சமும் குறையும், செலவும் குறையும்.

நன்றாக ஆடியவர் நல்ல பயிற்சியாளர் ஆகிவிடுவாரா?

தானாக ஆகமாட்டார். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

பென் ஷெல்டனின் தந்தை பிரையன் ஷெல்டன், கல்லூரி, சுற்று, பயிற்சி ஆகிய மூன்று கட்டங்களையும் முழுமையாக வாழ்ந்தவர். ஜார்ஜியா டெக் கல்லூரியில் ஆடினார். தொழில்முறை ஆட்டக்காரராக 1991, 1992 ஆண்டுகளில் நியூபோர்ட் பட்டத்தை வென்றார். 1994 விம்பிள்டனில் தகுதிச் சுற்றிலிருந்து வந்து, முதல் சுற்றிலேயே இரண்டாம் நிலை ஆட்டக்காரரான மைக்கேல் ஸ்டிச்சை வீழ்த்தி நான்காம் சுற்று வரை சென்றார். தரவரிசையில் முதல் 50-க்குள் அவர் வந்ததில்லை. ஆனால் பயிற்சியாளராக, தான் படித்த ஜார்ஜியா டெக்கின் பெண்கள் அணியை 2007-இலும், ஃபுளோரிடாவின் ஆண்கள் அணியை 2021-இலும் தேசிய சாம்பியன்களாக்கினார். ஆண்கள், பெண்கள் இரு பிரிவிலும் அந்த அணிப் பட்டத்தை வென்ற முதல் பயிற்சியாளர் அவர். பின்னர் 2023-இல் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு மகனுடன் சுற்றில் பயணிக்கத் தொடங்கினார். ஆட்டக்காரராக அவரைவிடப் பெரிய பெயர் பெற்ற எத்தனையோ பேர் பயிற்சியில் அந்த உயரத்தைத் தொட்டதில்லை.

பெப்பர்டைன் பல்கலைக்கழகத்துக்காக 1982 கல்லூரி இறுதிப் போட்டியில் ஆடிய பிராட் கில்பர்ட், தன் கையில் பெரிய அடி எதுவும் இல்லாமலேயே, எதிராளியைக் கணிக்கும் திறமையால் உலகின் நான்காம் இடம் வரை சென்றவர். அந்தக் கணிப்பையே அவர் ஆந்த்ரே அகாஸிக்குக் கற்றுக்கொடுத்தார். திறமை இயல்பாகவே அமைந்தவரைவிட, ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துக் கட்டிக்கொண்டவரே சொல்லிக்கொடுப்பதில் சிறந்து விளங்குகிறார் என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கல்லூரி சாம்பியனாக இருந்த இளைஞர் முதன்முதலாகப் பயிற்சியளிக்க வரும்போது செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: தன்னைப் போலவே அடிக்கச் சொல்கிறார். பத்து வயதுச் சிறுமி ராக்கெட்டை இரண்டு விரல் கீழே இறக்கிப் பிடித்திருக்கிறாள். அவளுக்கு அது கனமாக இருக்கிறது என்பதே காரணம். அதைக் கவனிக்காமல் “மணிக்கட்டை முறுக்கு” என்று அவர் சொன்னால் அவள் தோளையும் சேர்த்து முறுக்குவாள். மாலையில் கை வலி. கூடையிலிருந்து பந்தை எடுத்துப் போடுவதே தனிக் கலை. வேகமாகப் போட்டால் பிள்ளை தற்காப்பாக ஆடும். ஒரே இடத்தில் போட்டால் கால் நகராது. பந்து துள்ளி இடுப்பளவுக்கு வரும்படி, ஒவ்வொரு முறையும் அரை அடி தள்ளித் தள்ளிப் போட்டால் சொல்லாமலே கால் வேலை செய்யும். இவற்றைக் கற்றுக்கொள்ள, சாம்பியனும் மூத்த பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் சில காலம் பந்து பொறுக்கத் தயாராக இருக்க வேண்டும்.

நம் பகுதி கிளப்புகளில் “மார்க்கர்” என்று அழைக்கப்பட்டவர்கள், மாலையில் உறுப்பினர்களோடு பந்து அடித்து, களத்துக்குத் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டியவர்கள். பட்டமும் பதக்கமும் இல்லாத அவர்களிடம் ஆட்டம் கற்றவர்கள் ஏராளம். எந்தப் பந்து யாருக்கு வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பயிற்சியாளர் ஆக என்ன படிக்க வேண்டும்?

பாட்டியாலாவில் 1961-இல் தொடங்கப்பட்ட நேதாஜி சுபாஷ் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயப் படிப்பு அரசுப் பணிகளுக்கு உதவும்; பலரும் இதை என்.ஐ.எஸ். என்றே சொல்வார்கள். குறுகிய காலச் சான்றிதழ்ப் படிப்பும் அங்கே உண்டு. சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் பயிற்சியாளர் சான்றிதழ்கள் நிலை 1, 2, 3 என்று உள்ளன. முதல் நிலை தொடக்க ஆட்டக்காரர்களுக்குக் கற்பிப்பதற்கு, மூன்றாம் நிலை உயர்திறன் ஆட்டக்காரர்களுக்கு. பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக விரும்புபவர் பி.பி.எட். என்ற உடற்கல்விப் பட்டத்தை முடிக்க வேண்டும். இளநிலைப் பட்டமும் பல்கலைக்கழக அணியில் ஆடிய சான்றும் இவற்றுக்கெல்லாம் துணை நிற்கும் என்பதால், கல்லூரியில் ஆடிய நாட்களின் சான்றிதழ்களைப் பத்திரமாக வைத்திருங்கள்.

வருமானமும் வேலைவாய்ப்பும் எப்படி?

தனியார் பள்ளிகள், கிளப்புகள், அகாடமிகள், மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஆகியவை வேலை தரும் இடங்கள். மாவட்டத் தலைநகரங்களில் வருமானம் சென்னை, பெங்களூரைவிடக் குறைவு, செலவும் குறைவு. பயிற்சியாளராக விரும்பாதவர்கள், தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டையும், ரயில்வே போன்ற துறைகளின் விளையாட்டுப் பிரிவு அறிவிப்புகளையும் கவனித்துவரலாம்.

எட்டு வயதுப் பிள்ளையை எப்படித் தொடங்க வைப்பது?

முழு அளவுக் களத்தில் நிறுத்த வேண்டாம். 78 அடி நீளக் களமும் பெரியவர்களின் மஞ்சள் பந்தும் அந்த வயதுக்கு உரியவை அல்ல. வழக்கமான பந்தைவிட 75 விழுக்காடு வேகம் குறைந்த சிவப்புப் பந்தும், 36 அடி நீளச் சிறு களமும், 21 அல்லது 23 அங்குல ராக்கெட்டும் போதும். பந்து பிள்ளையின் தலைக்கு மேல் துள்ளாமல் இடுப்பளவில் வரும். முதல் நாளிலேயே நாலைந்து பந்தைத் திருப்பி அடித்துவிடும். ஒன்பது, பத்து வயதில் ஆரஞ்சுப் பந்து, அதற்குப் பிறகு பச்சைப் பந்து, பிறகு மஞ்சள். வாரத்தில் மூன்று நாள் டென்னிஸ், மற்ற நாட்களில் நீச்சல், ஓட்டம், கால்பந்து என்று எதுவும் ஆடலாம். வீட்டின் மொட்டை மாடியில் ஒரு சுவர் இருந்தால் அதில் அடித்துப் பழகட்டும். காலையில் 6 மணிக்கு வருவதானால் தண்ணீர்ப் பாட்டிலும் தொப்பியும் கொடுத்தனுப்புங்கள். முதல் இரண்டு மாதங்களுக்குச் சொந்த ராக்கெட் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலான பயிற்சி இடங்களில் பழைய ராக்கெட் கொடுப்பார்கள்.